முதல் பழைய டீசல் கார் வாங்கப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

ரொம்ப நாள் ஆசை. 1982 மாடல் மெர்சிடிஸ் 240டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நாலு கியர், மேனுவல். வேகம் போகாது என்று தெரியும். எனக்கு அவசரமும் இல்லை.

நேற்று போய்ப் பார்த்தேன். நான் போவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். அங்கேதான் சந்தேகம். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்த்தால்தானே க்ளோ பிளக் (ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றி), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) நிலைமை தெரியும்? நாளைக் காலை மறுபடி போகிறேன், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவி கேட்பேன்.

பிஸ்டனைத் தாண்டி வாயு கசிகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அப்படியே மேலே வைத்தேன். லேசாக ஆடியது, துள்ளி விழவில்லை. இந்த அளவு பரவாயில்லையா?

இன்னொன்று. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் சில நொடி ஓடுகிறது. இதில் டீசலை நிறுத்துவது வேக்யூம் (குழாய்களில் வரும் வெற்றிட உறிஞ்சல்) என்பதால், ஏதோ பழைய ரப்பர் குழாயில் விரிசல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கதவுப் பூட்டும் அதே வேக்யூமில்தான் வேலை செய்கிறது. கசிவை எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

துருவை ஜாக்கி வைக்கும் இடத்திலும் ஸ்டெப்னி குழியிலும் பார்த்துவிட்டேன். பேட்டரித் தட்டுக்கு அடியில் பார்க்க விடவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

சரி, வாங்கிவிட்டால் முதலில் எதைச் செய்வது? வால்வு இடைவெளியைச் சரிசெய்வதா, டீசல் ஃபில்டர்களை மாற்றுவதா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்.