கவிதை வாசிப்பு நிகழ்வுகள் நடத்த ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எனது புதிய கவிதைத் தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. வெளியீட்டு விழாக்களில் வாழ்த்துரைகளே நேரத்தை எடுத்துக்கொள்ள, கவிதை கடைசி ஐந்து நிமிடங்களுக்கு ஒதுங்கிவிடுவதால், விழாவைத் தவிர்த்து, நூலகங்களிலும் வாசகர் வட்டங்களிலும் 20 அல்லது 30 பேர் கூடும் சிறு வாசிப்புகளை நடத்த விரும்புகிறேன்.

உரக்க வாசித்து ஒத்திகை பார்த்தபோது, தாளில் வரி முறியும் இடமும் மூச்சு நிற்கும் இடமும் வேறுவேறாக இருப்பதை உணர்ந்தேன். கண்ணுக்கு நிறைவாக இருந்த சில கவிதைகள் காதில் தங்கவே இல்லை. ஆகவே, 40 நிமிட நிகழ்வுக்கு எத்தனை கவிதைகள் போதும், ஒவ்வொன்றுக்கும் முன்விளக்கம் சொல்வது உதவுமா அல்லது கவிதையின் வேலையைக் கெடுத்துவிடுமா (கெடுக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது), கேட்க வந்தவர்களில் ஒருவரையே ஒரு கவிதையை வாசிக்கச் சொல்லலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கவிதையோடு பழக்கமில்லாதவர்களும் கூடும் குடியிருப்பு நிகழ்வுகளுக்கு எத்தகைய கவிதைகளைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம் அதிகம். நூல் விற்பனையை வாசிப்புக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பதையும் கூச்சத்துடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்க இயலுமானால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.