ரூட் ஸ்குவாஷ்: "ரூட் தடுப்பு" வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம். நாம தமிழாக்கற என்எஃப்எஸ் (சர்வர்ல இருக்கற ஃபைல்கள நெட்வொர்க் வழியா மத்த மெஷின்ல திறக்கற முறை) ஆவணத்துல, ரூட் ஸ்குவாஷுக்கு (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி அக்கவுன்டான ரூட், வேற மெஷின்ல இருந்து வந்தா சர்வர்ல அந்த அதிகாரம் கிடைக்காம பண்ற அமைப்பு) "ரூட் தடுப்பு"ன்னு போட்டு முடிச்சிடலாம்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க, எனக்கு அதுல சம்மதம் இல்ல. ஸ்குவாஷுக்கு நேர் அர்த்தமா "நசுக்கல்"னு போட வேண்டாம்ங்கறது சரி.

தடுப்புன்னா படிக்கிறவங்க ரூட் உள்ளயே வர முடியாதுன்னு தானே நினைப்பாங்க. நடக்கறது அது இல்லயே. க்ளையன்ட்ல (இணையற மெஷின்ல) இருந்து யூஐடி (யூசர் நம்பர்) 0ன்னு, அதாவது ரூட்னு, வர்ற கோரிக்கைய சர்வர் வாங்கிக்குது, வாங்கி அந்த 0வ 65534ஆ மாத்திட்டு, அந்த நம்பருக்குரிய நோபடிங்கற அக்கவுன்ட்டுக்கு என்ன அனுமதியோ அதை மட்டும் குடுக்குது. எல்லாரும் படிக்கலாம்னு வச்ச ஃபைல ரூட்டும் படிக்கலாம்.

கோத்தகிரில ஒரு ஸ்கூல் லேப்ல நடந்தத கேளுங்க. எல்லார் ஹோம் டைரக்டரியும் ஒரே சர்வர்ல, அந்த நெட்வொர்க்ல எந்த மெஷின்லயும் மவுண்ட் ஆகும் (இணைச்சுத் திறக்கலாம்), லேப் பாத்துக்கறவர் ரூட் ஸ்குவாஷ் இருக்குல்ல பயமில்லன்னு இருந்தார். ப்ளஸ் டூ பையன் ஒருத்தன் சொந்த லேப்டாப்ப மாட்டினான், உபுண்டுல முதல்ல உருவாகற யூசருக்கு யூஐடி 1000, சர்வர்ல அந்த 1000 யாருன்னா கம்ப்யூட்டர் சார். கேள்வித்தாள் வரைக்கும் திறந்துச்சு, திருத்தவும் முடிஞ்சது. பாஸ்வேர்டே கேக்கல! அந்த லேப்ல இருந்த ஆத்_சிஸ்ங்கற அடையாள முறைல க்ளையன்ட் "நான் 1000"ன்னு சொன்னா சர்வர் அப்படியே நம்பும், கூட 16 குரூப் நம்பர் வரைக்கும் அனுப்பலாம், அதையும் நம்பும். சாரோட நம்பர் வேற எதுவா இருந்தாலும் ஒண்ணுதான், அவன் லேப்டாப்ல அவன்தானே ரூட், அந்த நம்பர்ல ஒரு யூசர உருவாக்கிட்டு போறான். ரூட் ஸ்குவாஷ் இதுல எதையும் தடுக்கல. என்எஃப்எஸ் வெர்ஷன் 4ல யூசர் பேரும் டொமைனும் சேர்ந்து வருதேன்னு கேப்பீங்க, செக்யூரிட்டி சிஸ்னு (அதே ஆத்_சிஸ் தான்) இருக்கற வரைக்கும் அங்கயும் அனுமதி பாக்கறது நம்பர வச்சுத்தான். ஆள் யாருன்னு நிஜமா சோதிக்கணும்னா கெர்பரோஸ்ங்கற அடையாளச் சோதனை முறை வேணும்.

தடுப்புன்னு நாமளே பேர் வச்சு இன்னும் நாலு லேப் ஆளுங்கள நிம்மதியா தூங்க வைக்கணுமா?

நம்ம குழுவுல அக்கா ஸ்குவாஷுக்குச் சொன்ன "தகுதி இறக்கம்" ரூட் வரைக்கும் பொருந்தும். ஆல் ஸ்குவாஷ்ல (ரூட்ட மட்டும் இல்லாம வர்ற எல்லா யூசர் நம்பரையும் மாத்தறது) உதைக்குது. அங்க அனான் யூஐடிய (மாத்தி வைக்கற நம்பர) பொது ஃபோல்டரோட ஓனர் நம்பரா வச்சிட்டா, வர்ற எல்லாரும் ஓனர் ஆயிடறாங்க, சாதா யூசருக்கு அது ஏத்தம்ல, இறக்கமா?

என் ஓட்டு "பெயரிலியாக்கம்". பெயரிலி நம்ம வலைப்பூ காலத்துல இருந்தே புழங்கற சொல், மேனுவல்லயும் அனானிமஸ்னு தான் இருக்கு. ரூட் பெயரிலியாக்கம், முழுப் பெயரிலியாக்கம், அனான் யூஐடிக்கு பெயரிலி எண், மூணும் ஒரே குடும்பமா வந்துடும். நீளம் தான், ஆனா இது பட்டன்ல வர்ற சொல் இல்லயே. அந்தப் பையன் பண்ணினதுக்கு "ஆள்மாறாட்டம்" போதும், புதுசா எதுவும் வேண்டாம்.

நோபடிய மட்டும் மொழிபெயர்க்காதீங்க ப்ளீஸ், அது அக்கவுன்ட் பேர், எல்எஸ் (ஃபைல் பட்டியல் காட்டற கட்டளை) போட்டா திரைல அப்படித்தான் வரும். மறுப்பு இருந்தா எழுதுங்க, இங்க மழைல கரண்ட் போய் போய் வருது, பதில் லேட்டாகும்.