சுற்றுலா நகரத்தின் புறநகரில் வாடகை வீடு: எதைப் பார்த்து முடிவு செய்வது?

வினா

வணக்கம். சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற ஒரு நகரத்தின் மையப்பகுதியில் எனக்கு வேலை கிடைத்துள்ளது. நகருக்குள் வாடகை எங்கள் வருமானத்துக்கு எட்டாது என்பதால், நானும் என் மனைவியும் பள்ளியில் படிக்கும் எங்கள் மகளும் நகரை ஒட்டிய புறநகர்களில் வீடு தேடி வருகிறோம். இப்போது இரண்டு வீடுகள் கைவசம் உள்ளன. முதல் வீடு ரயில் நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது, வாடகையும் குறைவு. ஆனால், கோடை முடிந்தபின் தொடங்கி அடுத்த கோடைக்கு முன் முடியும் பத்து மாத ஒப்பந்தம்தான் தருவார்களாம். "பிறகு பேசிப் புதுப்பித்துக்கொள்ளலாம்" என்று தரகர் வாய்மொழியாகச் சொல்கிறார். இரண்டாவது வீடு சற்றுத் தொலைவில், பேருந்தை மட்டுமே நம்பியிருக்கும் இடத்தில் உள்ளது. வாடகை கொஞ்சம் கூடுதல் என்றாலும் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதித் தர உரிமையாளர் தயாராக இருக்கிறார். மாத வாடகையை மட்டும் பார்த்தால் முதல் வீடே நல்லது என்று தோன்றுகிறது. இத்தகைய இடங்களில் நெடுநாள் குடியிருந்தவர்கள் வேறு எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

அந்தப் பத்து மாத ஒப்பந்தத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இருக்கிறது. சுற்றுலாப் பருவத்தில் ஒரு வாரத்துக்குப் பயணிகள் தரும் தொகை மற்ற காலத்தின் ஒரு மாத வாடகையை நெருங்கிவிடும் இடங்களில், உரிமையாளர்கள் வீட்டை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். பருவம் ஓய்ந்த மாதங்களில் ஆசிரியர், மாணவர் போன்ற உள்ளூர்த் தேவையுள்ளவர்களுக்குக் கொடுத்து வீட்டைக் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள், பருவம் தொடங்கும் முன் அவர்களை அனுப்பிவிட்டுப் பயணிகளுக்கு விடுகிறார்கள். குரோவாசியாவின் ஸ்ப்ளிட், துப்ரோவ்னிக் நகரங்களிலும் ஸ்பெயினின் கடற்கரை ஊர்களிலும் இது வெகுகாலமாகத் தெரிந்த நடைமுறை. செப்டம்பரில் குடிவந்து ஜூனில் பெட்டி கட்டும் ஆசிரியர்கள் அங்கே ஏராளம். ஆகவே தரகர் சொல்லும் 'புதுப்பித்தல்' என்பது நீங்கள் வெளியேறிக் கோடை கழிந்தபின் மறுபடி குடியேறுவதைக் குறிக்கிறதா, இடைவெளியே இல்லாமல் தொடர்வதைக் குறிக்கிறதா என்பதை முதலில் தெளிவாகக் கேளுங்கள். தொடர்வதுதான் என்றால் அதை எழுதித் தருவதில் உரிமையாளருக்கு எந்த இழப்பும் இல்லை. எழுதித் தர மறுத்தால், கோடையில் அந்த வீடு உங்களுடையதாக இருக்காது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தின் காலம் சட்டப் பாதுகாப்பையும் மாற்றிவிடுகிறது. ஸ்பெயினில் நிரந்தரக் குடியிருப்புக்கான வாடகை ஒப்பந்தத்தை, உரிமையாளர் தனிநபராக இருந்தால் 5 ஆண்டுகள் வரையிலும் நிறுவனமாக இருந்தால் 7 ஆண்டுகள் வரையிலும் நீட்டித்துக்கொள்ளக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் 'பருவகால' ஒப்பந்தம் என்று எழுதப்பட்டால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. இத்தாலியில் நான்கும் நான்குமாக எட்டு ஆண்டுகள், மூன்றும் இரண்டுமாக ஐந்து ஆண்டுகள் என்ற நீண்ட ஒப்பந்தங்கள் ஒருபுறம் இருக்க, அதிகபட்சம் 18 மாதங்களுக்கான இடைக்கால ஒப்பந்தமும் இருக்கிறது. நீங்கள் செல்லும் நாட்டிலும் இத்தகைய பிரிவினை இருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்திடும் முன், உங்கள் ஒப்பந்தம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை உள்ளூர்க் குடியிருப்போர் சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டிக் கேட்டுவிடுங்கள்.

செலவைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முதல் வீட்டின் பத்து மாத வாடகையோடு, கோடையின் உச்சத்தில் இரண்டு மாதம் வேறு எங்காவது தங்குவதற்கான செலவு, பொருள்களைக் கிடங்கில் வைப்பதற்கான கட்டணம், இருமுறை வீடு மாறும் கூலி, புதிய முன்பணம், தரகுக் கட்டணம் ஆகிய அனைத்தையும் கூட்டி 12 ஆல் வகுத்துப் பாருங்கள். குறைந்த வாடகை என்று தோன்றியது அப்போது பெரும்பாலும் மறைந்துவிடும். பணத்தைவிடப் பெரிய செய்தி உங்கள் மகளின் பள்ளி. பல ஊர்களில் பொதுப்பள்ளிச் சேர்க்கை, மருத்துவப் பதிவு, குடியிருப்போருக்கான வாகன நிறுத்த அனுமதி எல்லாமே பதிவு செய்யப்பட்ட முகவரியை ஒட்டியே கிடைக்கும். முகவரி ஆண்டுதோறும் மாறினால் குழந்தைதான் முதலில் பாதிக்கப்படும்.

மறுமொழி 2

ஒப்பந்தம் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எனினும் "பேருந்தை மட்டுமே நம்பியிருக்கும் இடம்" என்ற சொற்களையும் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. சுற்றுலா நகரங்களில் சாலையும் பேருந்தும் பயணிகளோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியவை. கியோட்டோவில் உள்ளூர் மக்கள் தாங்கள் அன்றாடம் செல்லும் பேருந்தில் ஏறவே முடியாத அளவுக்கு நெரிசல் மிகுந்தது. அதனால் நகர நிர்வாகம் பயணிகளிடையே செல்வாக்குப் பெற்றிருந்த ஒருநாள் பேருந்துச் சீட்டின் விற்பனையை 2023 செப்டம்பரோடு நிறுத்தியது, 2024 ஜூன் முதல் சுற்றுலா இடங்களுக்கெனத் தனி விரைவுப் பேருந்துகளையும் விட்டது. ரயிலுக்கும் இத்தகைய சிக்கல்கள் உண்டு என்றாலும், சாலை நெரிசலில் அது சிக்காது.

ஆகவே, உங்கள் பேருந்து வழித்தடம் நகரின் புகழ்பெற்ற இடம் ஏதேனும் ஒன்றின் வழியாகவோ, விமான நிலையச் சாலை வழியாகவோ செல்கிறதா என்று பாருங்கள். செல்லாவிட்டால் கவலை பாதியாகக் குறையும். கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுகிறதா, குளிர்காலத்தில் பேருந்துகளின் எண்ணிக்கை குறைகிறதா, இரவில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பவற்றையும் கேட்டு அறியுங்கள். சுற்றுலாவைச் சார்ந்த பணிகள் இரவு நெடுநேரம் வரை நீளக்கூடியவை என்பதால், கடைசி வண்டியின் நேரம் உங்கள் பணி முடியும் நேரத்துக்குப் பின்னால் இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இயன்றால் பருவம் உச்சத்தில் இருக்கும் ஒரு வேலைநாளில், நீங்கள் உண்மையில் புறப்பட வேண்டிய அதே நேரத்தில், அந்த வழியில் ஒருமுறை சென்று வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்க்கப் போகும்போது அமைகிற பயணத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

மறுமொழி 3

நான் இத்தகைய புறநகர் ஒன்றில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன். உரிமையாளரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பயணிகளுக்கு விட்டால் வருமானம் கூடும் என்பது உண்மை. அதோடு துப்புரவு, சாவி ஒப்படைப்பு, பழுதுபார்ப்பு, பதிவு, வரி என்று வேலைகளும் கூடும், பருவம் பொய்த்தால் வீடு காலியாகவும் கிடக்கும். அதனால் மாதந்தோறும் தவறாமல் வாடகை தரும் குடும்பத்தை விரும்பும் உரிமையாளர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். உங்கள் இரண்டாவது வீட்டுக்காரர் பல ஆண்டு ஒப்பந்தத்தைத் தாமே முன்வந்து தருகிறார் என்றால், வாடகையில் இருக்கும் அந்தச் சிறிய வேறுபாட்டுக்காக அவரை இழக்க வேண்டாம்.

மேலே யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நகரம் தன் எல்லைக்குள் விதிகளை இறுக்கும்போது, சுற்றுலா பக்கத்து ஊர்களுக்கு நகர்கிறது. பார்சிலோனா 2028 நவம்பருக்குள் தன் 10,101 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களையும் புதுப்பிக்காமல் விட்டுவிடப் போவதாக 2024 ஜூனில் அறிவித்தது. பாரிஸில் ஒருவர் தாம் நிலையாக வாழும் வீட்டைப் பயணிகளுக்கு விடும் வரம்பு ஆண்டுக்கு 120 நாள்களிலிருந்து 90 ஆக 2025 ஜனவரி முதல் குறைக்கப்பட்டது. நியூயார்க் 2023 செப்டம்பர் முதல், 30 நாள்களுக்குக் குறைந்த வாடகைக்குப் பதிவையும் உரிமையாளர் உடனிருப்பதையும் கட்டாயமாக்கியது. ஆனால் இந்த விதிகள் அந்தந்த நகராட்சி எல்லையோடு முடிந்துவிடுகின்றன. நீங்கள் குடியேறும் புறநகர் தனி நகராட்சியாக இருந்தால், நகருக்கு நேரடி ரயில் இருக்கும் தெருக்கள்தாம் பயணிகளுக்கான வீடுகளாக முதலில் மாறும். உங்கள் முதல் வீடு ரயில் நிலையத்தின் அருகில் இருப்பதையும் அதன் பத்து மாத ஒப்பந்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மாற்றம் அங்கே தொடங்கிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

வெனிஸ் இதற்குத் தெளிவான சான்று. தீவு நகரத்தில் 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் நிலப்பகுதியில் உள்ள மேஸ்த்ரே போன்ற இடங்களில் குடியேறினார்கள். பின்னர், பத்து நிமிட ரயில் பயணத்தில் வெனிஸை அடையலாம் என்ற அதே வசதிக்காக மேஸ்த்ரே ரயில் நிலையத்தைச் சுற்றிலும் பெரிய விடுதிகள் எழுந்தன. ஆகவே வாடகையை விசாரிக்கும்போது, அந்தக் கட்டடத்தில் எத்தனை வீடுகளில் நிலையான குடியிருப்பாளர்கள் இருக்கிறார்கள், கட்டடத்தின் உரிமையாளர் சங்க விதிகள் குறுகிய கால வாடகையை அனுமதிக்கின்றனவா என்பவற்றையும் கேளுங்கள். ஸ்பெயினில் 2025 ஏப்ரல் முதல், ஒரு கட்டடத்தில் புதிதாகச் சுற்றுலாக் குடியிருப்பு தொடங்க உரிமையாளர் சமூகத்தில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதல் வேண்டும்.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. முதல் வீட்டுக் கட்டடத்தின் வாசலில் எண்பூட்டு உள்ள சாவிப் பெட்டிகள் பல வரிசையாக மாட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அது எதைக் காட்டுகிறது என்பது இப்போது விளங்குகிறது. தரகரிடம் இடைவெளியில்லாத புதுப்பித்தலை எழுதிக் கேட்டதற்கு, அது இயலாது என்று பதில் வந்துவிட்டது. எனவே இரண்டாவது வீட்டின் பக்கம் சாய்ந்திருக்கிறோம். பேருந்து வழித்தடம் சுற்றுலா இடங்கள் எதையும் தொடவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில், "உரிமையாளருக்குச் சொந்தத் தேவை ஏற்பட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வரி இருக்கிறது. இதை ஏற்கலாமா?

மறுமொழி 4

சொந்தத் தேவைக்கான பிரிவு பல நாடுகளில் வழக்கமானதுதான், அதைக் கண்டே பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் மேற்கோள் காட்டிய வடிவில் அது மிகவும் தளர்வாக இருக்கிறது. ஸ்பெயினின் சட்டம் இதைக் கட்டுப்படுத்தும் முறை நல்ல முன்மாதிரியாகும். அங்கே தனிநபர் உரிமையாளர் மட்டுமே, ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே, முதல் ஆண்டு முடிந்த பிறகு மட்டுமே இந்த உரிமையைப் பயன்படுத்த முடியும். தேவை அவருக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ நிலையான குடியிருப்புக்காக இருக்க வேண்டும், இரண்டு மாதங்களுக்கு முன் அறிவிக்கவும் வேண்டும். வீடு காலியானபின் மூன்று மாதங்களுக்குள் அவர்கள் குடிவராவிட்டால், மீண்டும் குடியேறவோ இழப்பீடு பெறவோ முன்பு குடியிருந்தவருக்கு உரிமை உண்டு.

உங்கள் நாட்டுச் சட்டத்தில் இத்தகைய வரையறைகள் ஏற்கெனவே இருந்தால் அவையே போதும். இல்லாவிட்டால் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறிப்பாக, 'சொந்தத் தேவை' என்பது உரிமையாளரோ அவருடைய குடும்பத்தாரோ நிலையாகக் குடியிருப்பதை மட்டுமே குறிக்கும், பயணிகளுக்கு விடுவதைக் குறிக்காது என்ற ஒரு வாக்கியம் அவசியம் வேண்டும். அறிவிப்புக் காலம் பள்ளியாண்டின் நடுவில் முடியாதபடி பார்த்துக்கொள்வதும் நல்லது, ஏனெனில் பருவத்தின் உச்சத்தில் புதிய வீடு தேட நேர்ந்தால் உங்களுக்கு அகப்படுபவை பெரும்பாலும் பயணிகள் விலையில்தான் இருக்கும்.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். குடிபுகும் நாளிலேயே சுவர்களின் ஈரக்கசிவு, சமையலறைச் சாதனங்கள், மின், நீர் அளவிகளின் எண்கள் ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். கடலோர நகரங்களில் குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகளில் ஈரம் தங்கிப் பூஞ்சை படிந்திருப்பதுண்டு, பின்னாளில் அது உங்களால் வந்த சேதமாகக் கணக்கிடப்படக் கூடாது. உரிமையாளர் மேற்சொன்ன வாக்கியத்தைச் சேர்க்க ஒப்புக்கொண்டால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். மறுத்தால், கோடை முடிந்து பயணிகள் வீடுகள் காலியாகத் தொடங்கும் வாரங்கள் வரை தேடலை நீட்டிக்க உங்கள் பணி தொடங்கும் நாள் இடம் தருகிறதா என்று பார்த்து, அதற்கேற்ப முடிவெடுங்கள்.