புதுப்பிப்பு: தென்னை ஏறும் கருவி மேலே போனதும் வழுக்குவது ஏன்?

நின்று ஏறும் செம்பேரி மாடலில் (மரத்தைச் சுற்றும் கம்பிவட வளையமும் 2 கால்மிதியும் உள்ள கருவி) உயரே பிடி தளர்வது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். கோளாறு கம்பிவடத்தின் அளவில். அடித்தூர் பருமனுக்கு மாட்டினால், மேலே மரம் சிறுக்கச் சிறுக்க வளையம் தொளதொளக்கும், மிதி சரியும், மரத்தைப் பிடிக்கும் ரப்பர் முழுதாகப் பதியாது. தூர்ப் புடைப்புக்கு மேலே, கை நுழையாத அளவு இறுக்கி மாட்டவும். முழங்கால் உயரத்தில் 2 மிதியிலும் நின்று உலுக்கிப் பார்த்த பிறகே ஏற்றம். வடம் மடியும் இடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். முறுக்கி ஒட்டுப்போடுவது வெட்டிவேலை.

மிதி காலை மட்டுமே தாங்கும். இடுப்புப் பட்டையின் கயிற்றை மரத்தைச் சுற்றித் தனியாகக் கட்டணும். கருவியின் சட்டத்தில் மாட்டினால், சட்டம் சரியும்போது ஆளும் சேர்ந்து விழுவார். மழை ஈரம், பாசி இருந்தால் அன்றைக்கு ஏற்றமே வேண்டாம்.