முதல் சீசனிலேயே மூன்று டிராஃப்ட் பிக்குகளைக் கொடுத்த கதை

ஓர் அணியின் மேலாளராக (ஜிஎம்) இருந்து வீரர்களை வாங்கி விற்கும் ஆன்லைன் கூடைப்பந்து ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வீரரை வாங்கலாம்?" என்றுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். எனக்குக் கிடைத்தது நடுத்தரத்துக்கும் கீழே இருந்த அணி. வீரர் பட்டியலை ரேட்டிங்படி அடுக்கினேன், மேலே நின்ற நட்சத்திரத்தைக் கேட்டேன். அவருக்கு வயது 33. கணினி நடத்திய எதிரணி அடுத்த மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகளைக் கேட்டது. ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புதான் பிக், பொதுவாகத் தோற்ற அணிகளுக்கு முன் இடங்கள் கிடைக்கும். யோசிக்காமல் கொடுத்தேன்.

அந்த ஆண்டு பிளே ஆஃப் வரை போய் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். அடுத்த சீசன் தொடங்கியபோது அவருடைய ரேட்டிங் ஐந்து புள்ளி இறங்கியிருந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி, சம்பளமோ மலை போல. அணி தோற்கத் தோற்க, நான் கொடுத்த பிக்குகளின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. இதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. பிக்கை விற்கும்போது நம் அணி நன்றாக ஆடும் என்று நினைத்துத்தான் விலை போடுகிறோம். அணி சரிந்தால் அதே பிக் டிராஃப்டின் முதல் ஐந்துக்குள் வந்து விழும், அதுவும் அடுத்தவர் கையில்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான நிஜ என்பிஏவிலும் இது நடந்திருக்கிறது. 2013இல் புரூக்ளின் நெட்ஸ், 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து வாங்கியது. பதிலுக்கு 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளையும், 2017 டிராஃப்டில் இரு அணிகளின் இடங்களை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. நெட்ஸ் சரிந்தது. 2016 பிக்கில் பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுன் கிடைத்தார். 2017இல் கைமாறிய இடம் முதல் பிக்காகவே வந்தது. பாஸ்டன் அதை மூன்றாவது இடத்துக்கும் இன்னொரு பிக்குக்கும் மாற்றிக்கொண்டு ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன் அணியின் இரு தூண்கள் இவர்கள்தான்.

தொடர்ந்து வரும் இரண்டு ஆண்டுகளிலும் முதல் சுற்று பிக் இல்லாத நிலைக்கு ஓர் அணி போகக்கூடாது என்று என்பிஏவில் ஒரு விதி உண்டு. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி, அவர் பெயரிலேயே வழங்குகிறது. உங்கள் ஆட்டத்தில் அது இல்லாவிட்டாலும் நீங்களாகவே கடைப்பிடியுங்கள். முதல் சுற்றில் எடுத்த இளைஞர், சம்பளம் முன்பே வரையறுக்கப்பட்ட ரூக்கி (புது வீரர்) ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டு வரை உங்களிடம் இருப்பார். சாலரி கேப்புக்குள், அதாவது அணியின் மொத்தச் சம்பள வரம்புக்குள், அணி கட்டும்போது மலிவான ஒரு நல்ல வீரர் எவ்வளவு பெரிய துணை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

இப்போதெல்லாம் வயதையும் ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள ஆண்டுகளையும் பார்த்த பிறகுதான் ரேட்டிங்கையே பார்க்கிறேன். வீரர் எவ்வளவு வளரலாம் என்று காட்டும் பொட்டென்ஷியல் எண்ணை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது ஒரு மதிப்பீடுதான். 19 வயதில் அந்த எண் உயரமாக இருந்து, 23 வயதில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் என் அணியிலேயே மூன்று பேர்.

*

மேலே எழுதியவர் கணினியிடம் மாட்டினார், இரண்டாவதாக எழுதும் நான் மனிதர்களிடம் மாட்டினேன். 30 பேர் ஆடும் லீகில், பாதியில் விலகிய ஒருவரின் இடத்தில் சேர்ந்தேன். முதல் நாளே ஏழு டிரேடு (வீரர் பரிமாற்றம்) கோரிக்கைகள். புதிதாக வந்தவருக்கு எதையாவது மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும், பழைய ஆட்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். "இன்றிரவுக்குள் சொல்லுங்கள், வேறொருவரும் கேட்கிறார்" என்று ஒருவர் அவசரப்படுத்தினார். கூடைக்கு அருகே ஆடும் என் இளம் சென்டரைக் கொடுத்துவிட்டு, வெளியே பந்தைக் கையாளும் கார்டு இடத்துக்குச் சுமாரான இரண்டு வீரர்களை வாங்கினேன். எண்ணிக்கையில் லாபம் போலத் தெரிந்தது.

களத்தில் ஐந்து பேர்தான். ஓர் ஆட்டத்துக்கு 48 நிமிடம், அணி முழுவதற்கும் 240 நிமிடம். அதில் 35 நிமிடம் ஆடும் சிறந்த வீரரைக் கொடுத்துவிட்டால், வந்த இருவரும் சேர்ந்தாலும் அந்த இடம் நிரம்பாது. போதாக்குறைக்கு, 15 பேர் வரம்பை மீறாமலிருக்க நான் இன்னொரு பையனையும் விடுவித்தேன். இரண்டுக்கு ஒன்று டிரேடில் பெரும்பாலும் அந்த ஒருவரைப் பெறுபவருக்குத்தான் லாபம்.

முதல் வாரம் ஒரு டிரேடும் செய்யாதீர்கள். விதிகளையும் போன சீசன் டிரேடுகளையும் படியுங்கள், யார் எதற்கு விலை வைக்கிறார்கள் என்று பிடிபட்டுவிடும். அப்புறம், பிடிக்காத கோரிக்கைக்கும் பதில் போடுங்கள். "இந்தப் பையனை வைத்துக்கொள்ளப் போகிறேன், உங்களுக்கு கார்டு வேண்டுமென்றால் பேசலாம்" என்று ஒருவருக்கு ஒரு வரி எழுதினேன். அடுத்த சீசனில் அவர் அணியைக் கலைத்தபோது முதல் ஆளாக என்னிடம்தான் வந்தார். என் இப்போதைய பாயிண்ட் கார்டு அப்படி வந்தவர்.

*

மேலே இருவரும் சொல்லாத இன்னொன்று. நிஜ ஆட்டங்களின் புள்ளிவிவரங்களை வைத்து ஒன்பது பிரிவுகளில் மோதும் வகையா, கணினியே ஆட்டத்தை நடத்தும் வகையா என்று சேருமுன் பாருங்கள். ஒன்பது பிரிவு ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ சதவீதமும் டர்ன்ஓவரும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) தனித்தனிப் பிரிவுகள். ரீபவுண்டில் (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில்) அசத்தும் ஒரு சென்டர், ஃப்ரீ த்ரோவை அடிக்கடித் தவறவிட்டால் அந்தப் பிரிவில் உங்கள் மொத்த அணியையும் கீழே இழுத்துவிடுவார்.

தனியாக பிரவுசரில் ஆடுகிறவர்கள், லீக் எங்கே சேமிக்கப்படுகிறது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சில ஆட்டங்களில் எல்லாம் உங்கள் பிரவுசருக்குள்ளேயே இருக்கும். இடம் போதவில்லை என்று பிரவுசர் தரவை நான் ஒருமுறை அழித்தேன். 14 சீசன், இரண்டு கோப்பை, இரண்டாம் சுற்றில் எடுத்து எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) ஆக்கிய ஒரு பையன், எல்லாம் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு டிராஃப்டுக்கு முன்பும் லீக் ஃபைலை ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வைக்கிறேன்.