அமெரிக்கக் கல்லூரிகளில் சிறுபான்மை இன மாணவர்கள் வந்து உட்கார, உதவி கேட்க என்று இருக்கும் மல்ட்டிகல்ச்சுரல் சென்டரில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மழைக்காலம்:
முதுகலை படித்தபோது இரண்டு வருடம் அங்கே பகுதிநேர வேலை. ஒரு பெண் தினமும் மதியம் வந்து சாப்பாட்டை மைக்ரோவேவில் சூடாக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். ஒரு வெள்ளிக்கிழமை, நான் பூட்டக் கிளம்பிய நேரத்தில் போனை நீட்டினாள். கட்டண அலுவலகத்தின் மின்னஞ்சல். 212 டாலர் பாக்கி, அதனால் கணக்கில் 'ஹோல்ட்'. "என்னை நீக்கிவிட்டார்கள், இல்லையா?" என்று கேட்டாள். பாக்கியைக் கட்டும்வரை அடுத்த பருவத்துக்குப் பதிய முடியாது, அவ்வளவுதான் என்றேன். அப்படியே மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். மூன்று வாரமாக ஒரு வகுப்புக்கும் போகவில்லையாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தினமும் பஸ் ஏறி எங்கள் அறைக்கு மட்டும் வந்திருக்கிறாள். அவசர நிதியில் பணம் சீக்கிரமே கிடைத்தது. வேதியியல் லேப் போனது போனதுதான். அந்த மூன்று வாரமும் அவளுக்கு தினமும் ஹலோ சொன்னேன். ஒரு நாள்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை.

டெக்சாஸ்_வெயில்:
எங்கள் சென்டரே இப்போது இல்லை. டெக்சாஸ் மாநிலத்தின் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமல். அரசுப் பல்கலைக்கழகங்கள் டி.இ.ஐ. அலுவலகம், அதாவது பன்முகத்தன்மை, சமத்துவம், எல்லோரையும் உள்ளடக்குதல் ஆகியவற்றுக்கான அலுவலகம், நடத்தக் கூடாது. டிசம்பரில் அறையைக் காலி செய்தோம். பட்டமளிப்புக்குக் கறுப்பின மாணவர்கள் தோளில் போடும், கென்டே என்கிற ஆப்பிரிக்க நெசவுத் துண்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மாணவர் சங்கங்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பதால் சங்கத்துப் பையன் ஒருவன் அவற்றைக் குப்பைப் பையில் அள்ளிக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். பையின் ஓரம் கிழிந்து மஞ்சளும் பச்சையுமாகத் தெரிந்தது. இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கணக்குப்பிள்ளை:
@மழைக்காலம், வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் மின்னஞ்சலை ஒழுங்காகப் படித்திருந்தால் இது நடந்திருக்காது. சோபாவும் மைக்ரோவேவும் போட்டுவைத்தால் மட்டும் பிள்ளைகள் தேறிவிட மாட்டார்கள். நானும் ஒரு பையனைப் பார்த்தேன், பாதியில் போய்விட்டான். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கவனியுங்கள். அரசின் கல்வி உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும், தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால், பெற்றோருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் போடலாம். வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் 2024-25இல் அதிகபட்சம் 7,395 டாலராக இருந்தது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அப்புறம் ட்ரையோ என்கிற அரசு உதவித் திட்டங்கள். 1964, 1965, 1968 என்று அடுத்தடுத்து வந்த மூன்று திட்டங்கள், அதனால்தான் அந்தப் பெயர். முதல் தலைமுறை மாணவர், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை, மாற்றுத்திறனாளி ஆகியோருக்கானது. உங்கள் வளாகத்தில் இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள். 'ஹோல்ட்' விழுந்தால் தவணை கேளுங்கள், கேட்டால்தான் தருவார்கள்.

ஏரிக்கரை:
விஸ்கான்சினில் படித்தேன். அந்த சென்டர் நமக்கில்லை என்றுதான் நினைத்திருந்தேன். உடன் படித்த ஹ்மாங் (லாவோஸ் மலைப்பகுதி இனம்) பெண் ஒருத்தி, வகுப்புக் கருத்துக்கணிப்பில் நாங்கள் இருவரும் 'ஆசியர்' என்று டிக் அடித்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன் அப்பா எஞ்சினியர். என் தாத்தா லாவோஸ் போருக்குப் பிறகு தாய்லாந்து அகதி முகாமில் இருந்தவர். இந்தக் கட்டத்தில் இரண்டு பேரும் ஒன்று." எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவள்தான் என்னை அங்கே கூட்டிப்போனாள். அவளுக்கு அங்கே சாவியே இருந்தது.

மழைக்காலம்:
@கணக்குப்பிள்ளை, தகவலுக்கு நன்றி, பயன்படும். ஆனால் அவள் படிக்கவில்லை என்று நான் எழுதவில்லையே. அந்த மின்னஞ்சலை அவள் ஸ்பானிஷில் மாற்றி அதே போனில் சேமித்து வைத்திருந்தாள், அம்மாவுக்குக் காட்ட. காட்டவில்லை.