11 வயதுப் பெண், 8 வயதுத் தம்பி: தத்துக் குடும்பம் தேட எங்கே ஆரம்பிப்பது?

தாழ்வாரம்:
சென்னையில் ஒரு வீட்டில் ஒன்றரை வருஷமாக வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல் தற்காலிகமாக வளர்ப்பது) இருக்கும் பெண், வயது 11. தம்பிக்கு 8, செங்கல்பட்டுப் பக்கம் ஓர் இல்லத்தில். அம்மா இல்லை, அப்பா போன இடம் தெரியவில்லை. வளர்ப்பவர்கள் பாசமானவர்கள்தான், தத்தெடுப்பது பற்றி மட்டும் பிடிகொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்கள். வேறு குடும்பம் தேட என்ன வழி? வாட்ஸப் குழுக்களில் படம் போடலாமா?

வேப்பமரத்தடி:
படம் போடவே போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74: பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதலில் அந்தப் பெண்ணின் கோப்பைப் பாருங்கள். ‘தத்துக் கொடுக்கச் சட்டப்படி தடையில்லை’ என்று குழந்தைகள் நலக் குழு (இப்படிப்பட்ட பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) உத்தரவு போட்டிருக்கிறதா? வளர்ப்புப் பராமரிப்பு உத்தரவு வேறு, இது வேறு. இது இல்லாமல், காரா என்ற மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு நடத்தும் கேரிங்ஸ் இணையதளத்தில் தத்துக்குரிய பிள்ளையாகப் பெயர் ஏறாது. பல கோப்புகள் தூங்குவது இந்த இடத்தில்தான். ‘தந்தை இருப்பிடம் தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதி மூடிவைத்திருப்பார்கள். தேடியதற்குச் சான்று வேண்டும்: நாளிதழ் விளம்பரம், காவல் நிலைய அறிக்கை, கடைசி முகவரியில் விசாரித்த அறிக்கை. எது குறைகிறது என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குப் பதில் வராது.

மொட்டைமாடி:
தம்பியை மறந்துவிடாதீர்கள். இரண்டு மாவட்டம் என்றால் இரண்டு குழு, இரண்டு கோப்பு. உடன்பிறப்பு என்று இரண்டிலும் குறிக்காவிட்டால் 8 வயதுப் பையன் முதலில் போய்விடுவான், அக்கா தனியே நிற்பாள்.

வளர்ப்பவர்களிடம் இன்னொரு முறை கேளுங்கள். 2024 வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதலின்படி இரண்டு வருஷம் முடிந்தாலே அவர்கள் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம், முன்பு ஐந்து வருஷமாக இருந்தது. இது தெரியாமலும் தயங்கலாம்.

வெளியே தேடும்போது வயதுக் கணக்கு: 8 முதல் 18 வயதுப் பிள்ளைக்குத் தம்பதியின் கூட்டு வயது 110 வரை, தனி ஆள் என்றால் 55 வரை. கைக்குழந்தைக்கு ‘வயசாகிவிட்டது’ என்று திருப்பப்பட்டவர்கள் இங்கே தகுதியாவார்கள். ஆண் தனி ஆள் பெண் பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது.

தாழ்வாரம்:
குடும்பம் கிடைத்துவிட்டால்?

வேப்பமரத்தடி:
அவசரப்படுத்தாதீர்கள். அவள் சம்மதம் முக்கியம், கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வாள். முதலில் ஒரு மணி நேரச் சந்திப்பு, பிறகு வண்டலூர் பூங்காவுக்கு ஒரு பகல், பிறகு ஓர் இரவு தங்கல். பள்ளி மாற்றத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவளை வருஷ நடுவில் சிபிஎஸ்இ வகுப்பில் உட்காரவைத்தால் அந்தப் பயத்தை வீட்டின் மேல் காட்டுவாள். பெயரை மாற்றச் சொல்லும் குடும்பத்திடம் கொஞ்சம் உஷார்.

முதல் சில வாரம் ரொம்ப நல்ல பிள்ளையாக இருப்பாள். அப்புறம் பொய், சாப்பாட்டை ஒளித்துவைப்பது, ‘என்னைத் திருப்பி அனுப்பிடுங்க’ என்ற சவால் எல்லாம் வரலாம். தம்பதிக்கு இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பல இடங்களில் முறிகிறது.

மொட்டைமாடி:
ஒரு சேர்க்கை: தத்து உத்தரவு இப்போது நீதிமன்றத்தில் இல்லை, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரிடம். பதிவு அலுவலகத்தில் தத்துப் பத்திரம் எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளை அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வருஷம் வந்து பார்ப்பார்கள்.